பத்தொன்பதாம் நாள் கோப்பை

‘கையால் செய்தது. ஒவ்வொன்றும் தனித்துவமானது.’ இப்படி ஒரு சீட்டை ஒட்டிவிட்டு, ஒரே அச்சில் வார்த்த நூறு கோப்பைகளைக் கோபுரமாக அடுக்கி வைக்க ஒரு மனிதனுக்கு எவ்வளவு நெஞ்சழுத்தம் வேண்டும்! நூறு கோப்பையிலும் ஒரே இலை. அந்த இலையின் வலது ஓரத்தில் ஒரே புழு கடித்த ஒரே கடி. புழு என்ன, டேப் வைத்து அளவெடுத்தா கடித்தது? நான் தையல்காரி. பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறவள். அளவெடுத்து வெட்டுவது என்றால் என்னவென்று எனக்குத் தெரியும்.

கோபத்தில் கதையை நடுவிலிருந்து ஆரம்பித்துவிட்டேன். எனக்கு எப்போதும் இதே வழக்கம். என் அக்காவைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். அவளுக்குக் கோபமே வராது. அவள் பங்கையும் சேர்த்து நான்தான் இத்தனை வருஷமாகக் கோபப்பட்டுக்கொண்டிருக்கிறேன்.

அக்கா பதினேழு வருஷம் வாஷ்பேசின் செய்கிற தொழிற்சாலையில் வேலை பார்த்தாள். மண்ணைத் தண்ணீரில் கரைத்துக் கூழாக்கி, பிளாஸ்டர் அச்சுக்குள் ஊற்றவேண்டும். பிளாஸ்டர் தண்ணீரைக் குடிக்கும், மண் ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும். மீதிக் கூழைக் கவிழ்த்துவிட்டு அச்சைப் பிரித்தால் உள்ளே பேசின். அச்சின் இரண்டு பாதியும் சேருமிடத்தில் ஒரு கோடு நிற்கும், அதைக் கத்தியால் சீவி, ஈர ஸ்பாஞ்சால் துடைக்கவேண்டும். ஒரு நாளைக்கு நாற்பது பேசின். அப்புறம் எந்த ஓட்டலுக்குப் போனாலும், கல்யாணத்துக்குப் போனாலும், அக்கா கை கழுவப் போனால் சீக்கிரம் திரும்பமாட்டாள். குனிந்து பேசினுக்கு அடியில் தடவிப் பார்த்துக்கொண்டிருப்பாள். “இது நான் சீவுனதுடி” என்று ஈரக் கையோடு வந்து சொல்வாள். பின்னால் வரிசையில் நிற்கிறவர்கள் அவளை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள்.

பிறகு அங்கே மெஷின் வந்தது. அக்காவின் கையில் ஒரு சுவர்க்கடிகாரத்தைக் கொடுத்து, கைதட்டி அனுப்பிவைத்தார்கள். பதினேழு வருஷத்துக்கு ஒரு கடிகாரம்! அதுவும் ஆறு மாதத்தில் நின்றுபோனது. நான் திட்டித் தீர்த்தேன். அக்கா அதைக் கழற்றி, உள்ளேயிருந்த பல்சக்கரங்களை எடுத்து மண்ணில் அழுத்திப் பார்த்தாள். அச்சு அழகாக விழுந்தது. அன்றைக்குச் சொன்னாள்: “இனிமே செத்தாலும் பிளாஸ்டர் அச்சைத் தொடமாட்டேன். ஒண்ணு மாதிரி இன்னொண்ணு செய்யமாட்டேன்.”

எங்கள் வீட்டில் முன்னறையில் என் தையல் மெஷின். பின்பக்கத் தகரக் கொட்டகையில் அக்காவின் மண்ணும், பழையதாக வாங்கிய மின்சூளையும். நடுவில் இருக்கிற ஒரே அறையில் மாமா, அதாவது அக்காவின் வீட்டுக்காரர். பஸ் ஓட்டுகிறவர். நல்ல மனுஷன், அதிகம் வாய்திறக்காதவர். கீறல் விட்ட கோப்பையைத் தவிர வேறெதிலும் டீ குடித்தறியாதவர். “ஒரு நாளாவது ஒழுகாத கோப்பையில குடிச்சிட்டுச் சாகணும்” என்பார். அவர் அதிகம் பேசிய வாக்கியம் அதுதான் என்று நினைக்கிறேன்.

கொட்டகைக்குப் பின்னால், சுவரை ஒட்டி ஒரு மல்பெரி மரம் நிற்கிறது. குளிர்காலம் முழுக்கக் குச்சி குச்சியாக நிற்கும். வசந்தம் தொடங்கியதும் ஒரே வாரத்தில் கணுவுக்குக் கணு துளிர் விடும். அதைப் பார்த்துத்தான் அக்காவுக்கு அந்த யோசனை வந்தது. முப்பது நாள், முப்பது கோப்பை. துளிர் விட்ட முதல் நாளிலிருந்து, ஒரே கிளையில், நாளுக்கு ஓர் இலை. அந்தக் கிளையில் என் சிவப்பு நூலைக் கட்டி அடையாளம் வைத்தாள்.

காலையில் ஓர் இலையைக் கிள்ளிவருவாள். மண்ணைத் தகடாகத் தட்டி, இலையின் அடிப்பக்கம் மண்ணில் படும்படி வைப்பாள். நரம்பு புடைத்திருப்பது அடிப்பக்கத்தில்தானே. உருளையால் ஒரே ஒரு தடவை உருட்டுவாள். இரண்டாவது தடவை உருட்டினால் நரம்பு இரண்டாகத் தெரியும். பிறகு இலையோடு சேர்த்தே தகட்டை வளைத்துக் கோப்பையாக்கி, அடி வைத்து ஒட்டுவாள். கைப்பிடி கிடையாது. இலைக்கு நேர் எதிர்ப்பக்கத்தில் தன் கட்டைவிரலை அழுத்தி, ஒரு சுற்றுச் சுற்றி, பிடிக்கக் குழி செய்வாள். இலை சூளையில் எரிந்து சாம்பலாகப் போய்விடும், நரம்பு மட்டும் நிற்கும். வெளிப்பக்கம் வெறும் மண்தான். உள்ளே மட்டும் அன்றைய இலை என்ன நிறமோ அந்த நிறத்தில் கிளேஸ், சூட்டில் உருகிக் கண்ணாடி மாதிரிப் படிகிற பூச்சு. முதல் கோப்பையில் பழுப்பு கலந்த மஞ்சள், முப்பதாவதில் கரும்பச்சை. நடுவில் எத்தனை பச்சை தெரியுமா? நான் இருபது வருஷமாகத் துணிக்கடைக்குப் போய்வருகிறேன், அத்தனை பச்சை பார்த்ததில்லை.

முதல் வசந்தத்தில் பதினோரு கோப்பை சூளையில் வெடித்தது. ஒன்று போனாலும் வரிசை போச்சு. ஐந்தாம் நாள் இலையை ஒன்பதாம் நாள் பறிக்கமுடியுமா? அடுத்த வசந்தம் வரை காத்திருக்கவேண்டும். இரண்டாவது வசந்தத்தில் உள்ளே பூசிய கிளேஸ் பொங்கி வழிந்து, கோப்பைகள் தட்டோடு ஒட்டிக்கொண்டன. மூன்றாவது வசந்தத்தில் பக்கத்து வீட்டுச் சுவரை உயர்த்த வந்த கொத்தனார், ‘கிளை இடிக்கிறது’ என்று பன்னிரண்டாம் நாளில் நூல் கட்டியிருந்த கிளையையே வெட்டித் தள்ளிவிட்டார். அன்று நான் தெருவில் இறங்கிப் போட்ட சண்டையைப் பற்றி இன்னும் பேசுகிறார்கள். அக்கா மட்டும் வெட்டிய கிளையைத் தூக்கி வந்து தண்ணீர் வாளியில் வைத்து, இரண்டு நாள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான்காவது வசந்தத்தில் முப்பதும் நின்றது. பத்தொன்பதாம் நாள் இலையை மட்டும் புழு கடித்திருந்தது. “வேற இலை பறியேன்க்கா, பக்கத்துலயே நல்லதா இருக்கே” என்றேன்.

“இன்னைக்கு மரத்துல நடந்தது இதுதானே” என்று சொல்லிவிட்டு அதையே வைத்து உருட்டினாள்.

அந்த வரிசையைப் பார்த்துத்தான் நூலகக் கூடத்தில் வருஷாவருஷம் நடக்கிற வசந்தக் கண்காட்சியில் அடுத்த வருஷத்துக்கு அக்காவுக்கு ஒரு மேசை ஒதுக்கினார்கள். மூன்று நாள், அவள் பெயரெழுதிய அட்டையோடு ஒரு முழு மேசை. பதினேழு வருஷத்தில் எத்தனை ஆயிரம் பேசின், ஒன்றிலாவது அவள் பெயர் உண்டா? அனுமதிக் கடிதத்தை மாமா பஸ்ஸில் கண்டக்டருக்குப் படித்துக் காட்டினாராம். கடிதத்தில் கீழே ஒரு விதியும் இருந்தது. சொந்தப் படைப்பாக இருக்கவேண்டும். நகல் என்று தெரிந்தால் மேசையை எடுத்துவிடுவோம். அப்புறம் எந்த வருஷமும் விண்ணப்பிக்கமுடியாது. அந்த வரியைப் படித்துவிட்டு நாங்கள் சிரித்தோம். நகலாம், அக்காவாம்!

இனிமேல் சொல்லவேண்டியதைக் கொஞ்சம் மெதுவாகத்தான் சொல்லமுடியும். ஏனென்றால் இதில் நான் இருக்கிறேன்.

கண்காட்சிக்கு ஐந்து மாதம் முன்பு, அக்காவும் மாமாவும் மண் வாங்கப் போயிருந்த ஒரு மத்தியானம், ஒருவர் வாசலில் வந்து நின்றார். கடைத்தெருவில் வீட்டு அலங்காரப் பொருள் விற்கிற பெரிய கடையின் முதலாளி. பளபளவென்று ஷூ, அதைவிடப் பளபளவென்று பேச்சு. அவருக்குத் தேன்வாயர் என்று பிறகு நான்தான் பெயர் வைத்தேன். அலமாரியில் முப்பது கோப்பையையும் பார்த்தார். கிலோக்கணக்கில் ஐஸ் வைத்தார்.

“நீங்க தங்கச்சியா? உங்க கண்ணுலயே கலை தெரியுதும்மா. இதுல ஒண்ணு குடுங்க, என் பார்ட்னர்கிட்ட காட்டிட்டு நாலு நாள்ல கொண்டாந்துடறேன். அக்காவுக்கு ஒரு சர்ப்ரைஸா இருக்கட்டும்.”

என் கண்ணில் கலை தெரிந்ததாம். சீருடைக்குக் காஜா எடுத்து எடுத்துக் கண் பூத்துப் போனவளைப் பார்த்துச் சொல்கிறான், நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். ஊரில் எல்லோரையும் கேள்வி கேட்கிற எனக்கு அன்றைக்கு என்ன வந்தது என்று தெரியவில்லை. புழு கடித்ததுதானே என்று பத்தொன்பதை எடுத்துக் கொடுத்தேன். அலமாரியில் இடைவெளி தெரியாதபடி மற்றதை நகர்த்தி வைத்தேன்.

சொன்னபடி நாலாம் நாள் கோப்பை திரும்பி வந்தது. கொண்டுவந்தது கடை ஆள். கோப்பை வழவழவென்று சோப்பு வாடையோடு இருந்தது. இலை நரம்புகளில் வெள்ளையாக ஏதோ மாவு. சரி, கழுவிக் கொடுத்திருக்கிறார்கள், மரியாதை தெரிந்தவர்கள் என்று நினைத்து, பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, பதினெட்டுக்கும் இருபதுக்கும் நடுவில் வைத்துவிட்டேன். சர்ப்ரைஸ் வரட்டும், சொல்வோம் என்று இருந்தேன். வரவில்லை. சொல்லவுமில்லை.

கண்காட்சி நாள் காலையில் நாங்கள் பழைய துணியில் சுற்றிய முப்பது கோப்பையோடு கூடத்துக்குள் நுழைந்தபோது, வாசலுக்கு நேராக முதல் மேசையில் அந்தக் கோபுரம். ‘இயற்கை வரிசை’ என்று பலகை. நான் ஒன்றை எடுத்தேன். இலை, நரம்பு, புழுக்கடி எல்லாம் இருந்தது. பக்கவாட்டில் விரலை ஓட்டினேன். மெல்லிய கோடு ஒன்று மேலிருந்து கீழாக ஓடியது, எதிர்ப்பக்கமும் அதேபோல. தையல் தெரிகிற சட்டையை எவ்வளவு அயர்ன் பண்ணினாலும் என் விரலுக்குத் தெரியாமல் போகுமா? அச்சு சேர்ந்த இடம். அதைச் சரியாகச் சீவக்கூட இல்லை, சோம்பேறிகள். அந்தச் சோப்பு வாடை ஞாபகம் வந்தது.

பயம் வந்தால் எனக்குச் சத்தம்தான் வரும். “யாருய்யா இதைச் செஞ்சது?” என்று கூடமே திரும்பிப் பார்க்கிற மாதிரிக் கத்தினேன்.

செயலாளர் அம்மா வேகமாக வந்தார். கண்காட்சியை நடத்துகிறவர், கழுத்தில் கண்ணாடி தொங்கும். ஆனால் வந்தவர் என் கேள்விக்குப் பதில் சொல்ல வரவில்லை. “மேடம், நானே உங்களைக் கூப்பிடணும்னு இருந்தேன். உங்க அக்கா மேல ஒரு புகார் வந்திருக்கு” என்றார். “இந்தக் கடைக்காரரோட டிசைனை நீங்க காப்பி அடிச்சிருக்கீங்களாம். அவரோடது ரெண்டு மாசமா கடையில விக்குது. உங்களோடது இன்னைக்குத்தான் வெளிய வருது. நான் எதை நம்பறது சொல்லுங்க?”

பூக்களும் மேசை விரிப்புகளும் தேன்வாயர் உபயம். அது பலகையிலேயே எழுதியிருந்தது.

தேன்வாயர் பின்னாலேயே வந்து நின்றார். என்னைப் பார்த்தார், யாரோ எவரோ என்கிற பார்வை. “சண்டை வேணாம் மேடம். பாவம், வயசானவங்க, தெரியாம செஞ்சிருப்பாங்க. மேசையை மட்டும் எடுத்துட்டாப் போதும்” என்றார்.

“அந்தப் புழுக்கடி எங்கேயிருந்து வந்துச்சு உங்களுக்கு?” என்றேன்.

“எங்க டிசைனர் வரைஞ்சதும்மா. இயற்கையில குறைகூட ஒரு அழகுதானே” என்றார், வாய் கூசாமல்.

கையிலிருந்த கோப்பையை ஓங்கினேன். தரையில் அடித்திருப்பேன், சத்தியமாக.

“கீழ வைடி. அது வேணும்” என்றாள் அக்கா.

அதுவரை அவள் துணியைப் பிரித்து, ஒன்று, இரண்டு என்று தன் மேசையில் வரிசையாக வைத்துக்கொண்டிருந்தாள். நகல் என்று சொல்லி மேசையை எடுக்க ஆள் வந்து நிற்கிறது, இவள் இடைவெளி சரியாக இருக்கிறதா என்று தள்ளி நின்று பார்க்கிறாள்! பத்தொன்பதைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தாள். என் கையிலிருந்த கடைக் கோப்பையை வாங்கினாள். இரண்டையும் அருகருகே பிடித்துக் காட்டினாள். அதே இலை, அதே கடி. பிறகு கடைக் கோப்பையைத் தன் கோப்பைக்குள் இறக்கினாள். மெல்ல ஒரு சத்தம், உள்ளே போய் உட்கார்ந்தது.

தேன்வாயருக்கு முகம் மலர்ந்துவிட்டது. “பாத்தீங்களா மேடம்? சைஸே வேற! நாங்க எப்படி இவங்களதை எடுத்திருக்க முடியும்?”

“சைஸ் வேறயா இருக்கிறதாலதான் சொல்றேன்” என்றாள் அக்கா. “ஈர மண்ணு காஞ்சு, சூளைக்குப் போய் வந்தா எட்டுல ஒரு பங்கு சுருங்கிடும். என்னோடது ஒரு தடவை சுருங்கினது. சுட்ட கோப்பை மேல பிளாஸ்டரை ஊத்தி அச்சு எடுத்து, அதுல மண்ணு ஊத்தினா, அது மறுபடி ஒரு தடவை சுருங்கும். பேசினுக்கு அச்சை முதல்லயே பெருசாத்தான் செய்வோம். பதினேழு வருஷம் அதான் என் வேலை. இது தெரியாத ஆளுங்கதான் கடையில வாங்கின பொருளுக்கு மேல அப்படியே அச்சு எடுப்பாங்க.” கோப்பையை லேசாக ஆட்டினாள். உள்ளே இருந்தது கடகடத்தது. “நான் இவரோடதைக் காப்பி அடிச்சிருந்தா என்னோடது இல்ல சின்னதா இருக்கணும்? மண்ணு சுருங்கும்மா, வளராது.”

செயலாளர் அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். இரண்டு கோப்பையையும் வாங்கி, எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். தேன்வாயர், “பார்த்துப் பெருசா செஞ்சிருக்கலாமே” என்று ஆரம்பித்தார்.

“பார்த்துச் செஞ்சா நரம்புக்கு நரம்பு இப்படி ஒத்துவராது சார்” என்றார் செயலாளர் அம்மாவே. பிறகு அக்காவைப் பார்த்தார். “எல்லாம் சரி. ஆனா உங்க கோப்பை அவர் கைக்கு எப்படிப் போச்சு? அதைச் சொன்னாத்தானே நான் ஒரு முடிவு எடுக்கமுடியும்?”

அக்கா இரண்டு கோப்பையையும் அவர் கையிலிருந்து திரும்ப வாங்கிக்கொண்டாள். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கூடத்தில் பத்துப் பதினைந்து பேர் சுற்றி நின்றிருந்தார்கள். நான் வாயைத் திறக்காவிட்டால் மேசை போய்விடும். நாலு வசந்தம் போய்விடும்.

“நான்தான் குடுத்தேன்” என்றேன். “இவர் வீட்டுக்கு வந்து கேட்டாரு. அக்கா இல்லாதப்போ எடுத்துக் குடுத்தேன். நாலு நாள் கழிச்சு சோப்பு பூசித் திருப்பி அனுப்பினாரு. நான் கழுவி வச்சேன். அக்காகிட்ட சொல்லல.”

“அக்காவைக் காப்பாத்தப் பொய் சொல்றாங்க மேடம்! நான் இவங்க வீட்டுக்கே போனதில்ல” என்றார் தேன்வாயர். எவ்வளவு சுளுவாக வருகிறது பொய்! எனக்கு ஓர் உண்மையைச் சொல்ல ஐந்து மாதம் பிடித்தது.

அக்கா பத்தொன்பதின் குழியில் கட்டைவிரலை வைத்தாள். அளவெடுத்துத் தைத்த ரவிக்கை போலச் சரியாகப் பொருந்தியது. கடைக் கோப்பையை அவரிடம் நீட்டினாள். “உங்க கோப்பையிலயும் குழி இருக்கே, அது எதுக்கு சார்?”

“அது... டிசைன்.”

“விரல் வைக்கிற இடம் அது. வைங்க பாப்போம்.”

வைத்தார். நுனிதான் போனது. செயலாளர் அம்மாவும் வைத்துப் பார்த்தார், போகவில்லை. சுற்றி நின்றவர்களில் இரண்டு பேர் கேட்காமலே கை நீட்டி வாங்கிப் பார்த்தார்கள். “உங்க டிசைனர் என்ன மூணாங்கிளாஸ் படிக்கிறாரா?” என்று கூட்டத்தில் யாரோ கேட்க, கூடமே சிரித்தது.

இந்த இடத்தில் நியாயம் ஜெயித்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். நடந்தது வேறு. செயலாளர் அம்மா, “சரிம்மா, உங்க மேசை இருக்கட்டும். புகாரை நான் கிழிச்சுப் போட்டுடறேன்” என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, “அவரையும் இப்போ போகச் சொல்லமுடியாது, பூவெல்லாம் அவர் குடுத்தது. அந்தச் சீட்டை மட்டும் எடுத்துட்டு ஓரமா இருந்துட்டுப் போகட்டும். பெரிசுபடுத்தவேணாம், என்ன?” என்றார். ஒரு மன்னிப்பு உண்டா? திருடனைத் திருடன் என்று சொல்லக்கூட அங்கே ஒரு வாய் இல்லை. பறிகொடுத்தவள்தான் தன் விரலை நீட்டி நிரூபிக்கவேண்டும். திருடினவன் ஓரமாக இருந்துவிட்டுப் போகலாம். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது.

நான் மறுபடி வாயைத் திறக்கப் போனேன். அக்கா என் முழங்கையைப் பிடித்து எங்கள் மேசைக்கு இழுத்து வந்தாள்.

“எனக்குத் தெரியும்டி” என்றாள்.

“எது?”

“நீ குடுத்தது. கோப்பை திரும்பி வந்த அன்னைக்குச் சாயங்காலமே தெரியும். அச்சு எடுக்கப் பூசற சோப்பு அது. வெளிப்பக்கம் வெறும் மண்ணு, உள்ள குடிச்சிருச்சு. டூத்பிரஷ்ஷால தேச்சாப் போயிடுமா? பதினேழு வருஷம் அந்த வாடையிலதான் இருந்தேன்.”

“தெரிஞ்சா ஏன்க்கா ஒரு வார்த்தை கேக்கல?”

“நீயே சொல்லுவேன்னு இருந்தேன்” என்றாள்.

அவ்வளவுதான். திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் நாலு வார்த்தை கத்தியிருப்பேன். என் பிழைப்பே அதுதானே. ஐந்து மாதம் தினமும் எனக்குச் சோறு போட்டுவிட்டு, முகத்தைப் பார்த்து, இன்றைக்குச் சொல்வாளா என்று காத்திருந்திருக்கிறாள். தேன்வாயர் மேல் இருந்த கோபமெல்லாம் திரும்பி என் மேலேயே வந்து விழுந்தது.

அக்கா கடைக் கோப்பையைப் பத்தொன்பதுக்குள் இறக்கி, பதினெட்டுக்கும் இருபதுக்கும் நடுவில் அப்படியே வைத்தாள். அழகான வரிசையில் அந்த ஓர் இடம் மட்டும் விகாரமாகத் தெரிந்தது. “ஏன்க்கா அதை இங்க வைக்கிற? தூக்கிப் போடு” என்றேன்.

“மரத்துல நடந்ததை வச்சேன்ல? இதுவும் நடந்ததுதான். மூணு நாளும் இருக்கட்டும். வர்றவங்க கேப்பாங்க. யார் கேட்டாலும் நீதான் சொல்லணும். ஆரம்பத்துலேர்ந்து, யார் எடுத்துக் குடுத்தாங்கன்றதுலேர்ந்து.”

மூன்று நாள். வந்தவர்கள் எல்லோரும் பத்தொன்பதில்தான் நின்றார்கள். “இது என்ன, கோப்பைக்குள்ள கோப்பை?” என்று கேட்டார்கள். அக்கா என்னைக் கை காட்டினாள். ஓரத்து மேசையில் தேன்வாயருக்குக் கேட்கிற சத்தத்தில் நான் சொன்னேன். இரண்டாம் நாள் மத்தியானமே அவர் கோபுரத்தைப் பெட்டியில் கட்டிக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகும் ஆட்கள் வந்தார்கள். அவர் இல்லாதபோது சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது, ஏனென்றால் அப்போது கதையில் திட்டுவதற்கு நான் மட்டும்தான் மிச்சம். மாமாகூட மூன்றாம் நாள் சீருடையோடு வந்து, வரிசையில் நின்று, தெரியாதவர் மாதிரி “இது என்னங்க?” என்று கேட்டார். அவருக்கும் முழுக்கச் சொன்னேன்.

அந்த வரிசை இப்போது வீட்டு அலமாரியில் இருக்கிறது. பத்தொன்பதுக்குள் அந்தச் சின்னது அப்படியேதான் உட்கார்ந்திருக்கிறது. சீருடைக்கு அளவு கொடுக்க வருகிறவர்கள் பார்த்துவிட்டுக் கேட்கிறார்கள், டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நான் சொல்கிறேன். உங்களுக்கும் சொல்லிவிட்டேன். போதும், நிறுத்து என்று அக்கா இன்னும் சொல்லவில்லை.